ஆறாவது தட்டு

— இன்னும் இருபத்தாறு மணி நேரம்தான் இருக்கு, அண்ணே. இப்ப மணி நாலு. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மலாக்கா வாசகசாலையில கூட்டம். அதுக்குள்ள இந்தத் தாள்ல உங்க கைநாட்டு விழணும்.

— இருபத்தாறு மணி நேரம் கெடக்குல்ல, ஐயா. மொதல்ல அந்தக் கோப்பியைக் குடிங்க. ஆறிப் போவுது.

— கோப்பி இருக்கட்டும். பஸ்ஸுல வந்து செலண்டார்ல இறங்கி, அங்கேயிருந்து இந்தத் தோட்டத்துக்கு ரெண்டு மைல் வெயில்ல நடந்து வந்திருக்கேன். எதுக்கு? வடக்கே கெடாவுல வெள்ளைக்காரங்க போட்ட அந்தக் கிரகண முகாம்ல வேலை செஞ்ச தமிழன்னு நான் கண்டுபிடிச்சது உங்க ஒருத்தரைத்தான்.

— நாலு பேரு இருந்தோம். ரப்பர் விலை விழுந்தப்ப ரெண்டு பேரை ஊருக்குக் கப்பல் ஏத்திட்டாங்க. சின்னத்தம்பி காய்ச்சல்ல போயிட்டான். மிச்சம் இந்த இருளாண்டிதான்.

— கேட்டுக்குங்க, தம்பி. இந்த லயத்துல இவரு பேரே கிரகணக்காரருதான். காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறப்பக்கூடக் கங்காணி அப்படித்தான் கூப்பிடுறான். ஆனா இவரு பாத்தது கிரகணத்தை இல்லை. பெட்டியை.

— வேலாயி, சும்மா இரு.

— என்னா சும்மா? தலையைத் தூக்க நேரமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?

— நேரமில்லைதான். மொத்தம் நாலரை நிமிசம் இருட்டு. அதுக்குள்ள ஆறு கண்ணாடித் தட்டு. ஒவ்வொண்ணா எடுத்து நீட்டணும், படம் பிடிச்சதை வாங்கி இன்னொரு பெட்டியில வைக்கணும். கை நடுங்கினா தட்டு போச்சு. எனக்கு நடுங்கல.

— இருங்க, இருங்க. ஆறுன்னு சொன்னீங்க. உறுதியாத் தெரியுமா?

— எண்ணித்தானே குடுத்தேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

— லாபம்னா ஒண்ணு. அப்படித்தானே?

— பின்னே? நெல்லு அளந்தாலும் பால் வாளி எண்ணினாலும் மொத எண்ணு லாபம்தான். வக்கீல் ஆபீஸ்ல கிராணி வேலைக்குப் போனா அதெல்லாம் மறந்துடுமா, தம்பி?

— மறக்கல, அக்கா. நாளைக்கு யாரும் குறுக்கே கேட்டுடக் கூடாதுன்னுதான். ஆக, ஆறு தட்டு.

— கண்ணாடித் தொரையும் அதைத்தான் கேட்டாரு. முகாமுக்குப் பெரியவரு அவருதான். மூக்குல பெரிய கண்ணாடி போட்டிருப்பாரு, அதனால நாங்க வச்ச பேரு. லாபம்னா என்னான்னு கேட்டாரு. எங்க பேச்சை மாத்திச் சொல்ல முகாம்ல வச்சிருந்த ராமையா கிராணி இங்கிலீசுல சொன்னாரு. அன்னையில இருந்து ஒத்திகைக்கு அவரே லாபம்னு சொல்லித்தான் ஆரம்பிப்பாரு.

— ஒத்திகை வேறயா?

— பதினெட்டு நாளு. தெனமும் நாலு தடவை. வெறும் கண்ணாடியை வச்சுக்கிட்டு, கண்ணைக் கட்டிக்கிட்டுச் செய்வோம். இருட்டுல செய்ற வேலை இல்லையா? கடைசி வாரத்துல என்னைய மட்டும் பெட்டிக்குன்னு வச்சுக்கிட்டாங்க. வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் செய்ய வேண்டிய வேலை அது. அவன் ரெண்டு கண்ணாடியை ஒடைச்சுட்டான்.

— இதை இவரு நூறு தடவை சொல்லிட்டாரு. ஆனா சொல்றப்ப இன்னும் நெஞ்சு நிமிருது பாருங்க.

— நிமிரட்டும், அக்கா. நிமிர வேண்டியதுதான்.

— ஆமா, தம்பி, நான் ஒண்ணு கேக்கட்டா? நாலு மாசமா நீங்களும் அந்தத் தம்புசாமி வாத்தியாரும் பத்திரிகையில மாறி மாறி எழுதுறீங்க. ஸ்டோர் கிராணி வாசிச்சுக் காட்டுனாரு. சண்டைன்னு தெரியுது. எதுக்குச் சண்டைன்னு ஒருத்தருக்கும் தெரியல.

— சுருக்கமாச் சொல்றேன். ஐன்ஸ்டீன்னு ஒரு ஜெர்மன்காரர். ரிலேட்டிவிட்டின்னு ஒரு கொள்கை சொல்லியிருக்கார். சூரியனை உரசிக்கிட்டு வர்ற நட்சத்திர வெளிச்சம் வளையுமாம். இவ்வளவு வளையும்னு கணக்கும் போட்டிருக்கார். ஆனா பகல்ல சூரியன் பக்கத்துல நட்சத்திரம் தெரியுமா? தெரியாது. முழுக் கிரகணம் வந்து இருட்டினாத்தான் தெரியும். அப்ப ஒரு படம் எடுக்கணும். சில மாசம் கழிச்சு, சூரியன் அந்தப் பக்கம் இல்லாத ராத்திரியில, அதே நட்சத்திரங்களை இன்னொரு படம் எடுக்கணும். ரெண்டையும் ஒட்டி வச்சு அளந்தா, நட்சத்திரம் நகர்ந்திருக்கணும்.

— எவ்வளவு நகரும்?

— கண்ணாடியில பார்த்தா ஒரு தலைமுடி அகலம்கூட இருக்காது, அக்கா. அதுல ஒரு சின்னப் பங்கு.

— அதுக்கா நாலு மாசச் சண்டை?

— அந்தச் சின்னப் பங்கை ஒத்துக்கிட்டா, அவர் சொல்ற மத்ததையும் ஒத்துக்கணுமே. காலம்கூட ஆளுக்கு ஆள் வேறயாம். ஓடுறவனுக்கு ஒரு நேரம், நிக்கிறவனுக்கு ஒரு நேரம். என்னால முடியாது. நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

— எங்க கங்காணிகிட்ட வந்து சொல்லுங்க. அஞ்சு மணிப் பெரட்டுன்னு மணி அடிப்பான், ஸ்டோர்ல இருக்கிற கடிகாரம் நாலே முக்கால்னு காட்டும். வேலை விடுற மணி மட்டும் கால் மணி பிந்தி வரும். அவனுக்கு ஒரு நேரம், எங்களுக்கு ஒரு நேரம்.

— அது கடிகாரத்தைத் திருப்புறது, அக்கா. காலத்தைத் திருப்புறது இல்லை. தம்புசாமி வாத்தியாரும் இப்படித்தான், ரயில் நேரம் வேற தோட்டத்து நேரம் வேறன்னு உதாரணம் எழுதி மாட்டிக்கிட்டார். நான் ரெண்டே வரியில பதில் போட்டேன். சிங்கப்பூர்ல இருந்து மூணு பேர் பாராட்டிக் கடிதம் எழுதினாங்க.

— அது சரிதான், வேலாயி. கங்காணி செய்றது திருட்டு. அதுக்குச் சூரியன் பொறுப்பில்லை.

— பார்த்தீங்களா? அண்ணனுக்குப் புரியுது. இன்னொண்ணு. கடல் இல்லாம அலை வருமா? வராது. வெளிச்சமும் அலைதான். அது வர்றதுக்கு ஈதர்னு ஒண்ணு இருக்குன்னு நேத்து வரைக்கும் இவங்களே புத்தகத்துல எழுதினாங்க. இப்ப வேண்டாமாம். வெளிச்சம் வளைஞ்சாலும், சூரியனைச் சுத்தி இருக்கிற ஆவியில வளைஞ்சிருக்கலாமே? தண்ணியில விட்ட குச்சி வளைஞ்சு தெரியலையா? கேட்டா, உனக்குக் கணக்குத் தெரியாதுங்கிறாங்க.

— யாரு அப்படிச் சொன்னது?

— தம்புசாமி வாத்தியார்தான். அவர் மெட்ராஸ்ல பி.ஏ. படிச்சவர். நான் சீனியர் கேம்பிரிட்ஜோட நின்னவன். எங்கப்பா மலாக்கா பாசார்ல வெத்தலைக் கடை வச்சிருந்தார், அதுக்கு மேல படிக்க வைக்க முடியல. மிச்சத்தைப் புத்தகம் வாங்கி நானாப் படிச்சேன். போன மாசம் அச்சுல எழுதினார், "பட்டம் பெறாத நண்பர் சாமிநாதன் அவர்கள் பௌதிகத்தை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதுவதோடு நிற்பது நலம்"னு. ஊரே வாசிச்சுது.

— அப்படியா எழுதினாரு? பெரிய மனுசன் எழுதுற எழுத்தா அது?

— அதனாலதான் நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மேடையில பேசுறோம். நான் தோத்தா அந்த வாசகசாலைப் படியை மறுபடி மிதிக்க மாட்டேன். ஜெயிச்சா, லண்டன்ல இருக்கிற விஞ்ஞான சபைக்கு ஒரு கடிதம் போகுது. எழுதி வச்சிட்டேன். வெள்ளைக்காரன் சொன்னதுக்கு எல்லாம் தலையாட்டாம, மலாயாவுல ஒரு தமிழன் நிமிர்ந்து நின்னு கேள்வி கேட்டான்னு அவங்க தெரிஞ்சுக்கட்டும்.

— கேளுங்க, ஐயா. கேக்குறதுல தப்பில்லை. அதுக்கு என் கைநாட்டு எதுக்கு?

— இங்கதான் விசயம் இருக்கு. அதே கிரகணத்தைச் சுமத்ராவுலயும் படம் எடுத்தாங்க, ஜெர்மன்காரங்க. அவங்க அளவு ஐன்ஸ்டீன் சொன்னதைவிடக் கூடுதலா வந்திருக்கு. அதுக்கே அவங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். உங்க முகாம்ல எடுத்த படத்துக்குக் கணக்கு கச்சிதமா வந்துடுச்சாம். எப்படி வந்துச்சு? இதோ பாருங்க, இங்கிலீஷ் பத்திரிகையில வெட்டி வச்சிருக்கேன். ஆறு தட்டுல படம் எடுக்கப்பட்டது. அஞ்சு தட்டு அளக்கப்பட்டது. ஒரு தட்டு, அளக்கத் தகுதியற்றதுன்னு விலக்கப்பட்டது. அவ்வளவுதான். காரணம் போடல.

— காரணம் போடலையா?

— ஒரு வார்த்தை இல்லை. தகுதியில்லைன்னு யார் முடிவு பண்ணது, அண்ணே? நாளைக்கு இதை மேடையில மூணு தடவை கேட்கப் போறேன். யார் முடிவு பண்ணது? தம்புசாமி வாத்தியார் என்ன பதில் சொல்லுவார்?

— அவரு என்னா சொல்லுவாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

— சொல்ல முடியாது. அந்த ஆறாவது தட்டு அவங்க கொள்கைக்கு எதிரா சாட்சி சொல்லியிருக்கு. அதான் தூக்கி எறிஞ்சுட்டாங்க. அஞ்சு பேர் சாட்சியை வச்சுக்கிட்டு ஒருத்தனை வாசல்லயே துரத்துற மாதிரி. வக்கீல் ஆபீஸ்ல தெனமும் இதைத்தானே பார்க்கிறேன்.

— அந்தத் தாளைக் கொஞ்சம் வாசிங்க, ஐயா.

— வாசிக்கிறேன். "செலண்டாரை அடுத்த தோட்டத்தில் வேலை செய்யும் இருளாண்டி ஆகிய நான் சத்தியமாகச் சொல்வது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி, கெடா கிரகண முகாமில் ஆறு தட்டுகளை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று, முகாமிலிருந்தவர்களின் கொள்கைக்கு விரோதமாக இருந்ததால் அவர்களால் மறைக்கப்பட்டது என்பதை நான் நேரில் அறிவேன்."

— ஆறு தட்டு குடுத்தேன். அதுவரைக்கும் எழுதுங்க. கைநாட்டு வைக்கிறேன்.

— கடைசி வரி இல்லாம இதுக்கு உயிரே இல்லை, அண்ணே.

— அந்த வரி வேணாம்.

— ஏன்? பயமா? தொரைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னா? உங்க பேரை நான் மேடையில சொல்லாம இருந்துக்கிறேன்.

— இந்த மனுசனுக்குப் பயமா? சம்பளத்தைக் குறைக்கிறேன்னு சொன்ன தொரைகிட்ட நேராப் போயி நின்னவரு, தம்பி. பயமெல்லாம் இல்லை. வேற என்னமோ இருக்கு. எனக்கும் தெரியும். மூணு வருசமா கதை சொல்றாரு, ஒரே எடத்துல நிப்பாட்டிடுவாரு. படம் எடுத்தாச்சு, சாயங்காலம் மழை வந்துச்சு, சோறு தின்னோம், முடிஞ்சுது. மழைக்கும் சோத்துக்கும் நடுவுல என்னா நடந்துச்சுன்னு கேட்டா எழுந்து போயிடுவாரு.

— வேலாயி.

— சொல்லுங்களேன். பாவம், நடந்து வந்திருக்காரு.

— சொல்லுங்க, அண்ணே. ஆறாவது தட்டுக்கு என்ன ஆச்சு?

— நான் அப்ப கெடாவுல ஒரு தோட்டத்துல, புகைக் கொட்டாய்ல வேலை. ரப்பர் சீட்டைத் தொங்கவிட்டு, அடியில நெருப்புப் போட்டுக் காய வைக்கிற எடம். அங்கேயிருந்துதான் தொரை எங்க நாலு பேரை முகாமுக்கு அனுப்பினாரு. பதினோரு வருசம் அந்த வேலை. என் கையில ஒரு சீட்டுல பூசணம் வந்ததில்லை. இதை நீங்க எழுதிக்கலாம்.

— எழுதிக்கிறேன். சொல்லுங்க.

— தட்டைக் கழுவுறதுக்கு ஐஸ் வச்சிருந்தாங்க. நம்ம ஊர் தண்ணி சூடு, அதுல கழுவினா மேலே பூசின, படம் விழுந்த பசை இளகிடுமாம். அஞ்சு தட்டு கழுவுற வரைக்கும் ஐஸ் இருந்துச்சு. ஆறாவதைக் கழுவி முடிக்கிறப்போ கரைஞ்சு போச்சு. அந்த நேரம் பாத்து மழை. கூடாரம் ஒழுகுது. எல்லாரும் படம் பிடிச்ச பெரிய குழாயைக் காப்பாத்த ஓடிட்டாங்க. இதைப் பாத்துக்கன்னு ராமையா கிராணி என் கையில குடுத்துட்டுப் போனாரு. ஈரத்தோட.

— குடுத்துட்டு?

— ஈரத்தோட ஒரு பொருளை என் கையில குடுத்தா நான் என்னா செய்வேன்? மழைக்காலத்துல சீட்டை அப்படியே விட்டா மறுநாள் பூசணம். சமையலுக்கு மூட்டின கரி அடுப்பு கணகணன்னு இருந்துச்சு. ஒரு முழம் தள்ளி, சாய்ச்சு வச்சேன். சீட்டுக்கு வைக்கிற மாதிரியே. அரை மணியில காஞ்சுடுச்சு.

— அட பாவி மனுசா. இதைத்தான் மூணு வருசமா நெஞ்சுல வச்சுக்கிட்டு இருந்தீங்களா?

— யாராவது பார்த்தாங்களா, அண்ணே?

— ஒருத்தரும் பாக்கல.

— தட்டு எப்படி இருந்துச்சு? பசை வழிஞ்சுதா? கீறல்?

— ஒண்ணும் இல்லை. நல்லாக் காஞ்சுது. கண்ணாடித் தொரை திரும்பி வந்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, ஆறுலயும் இதுதான் பளிச்சுன்னு இருக்குன்னாரு. என் முதுகுல தட்டினாரு.

— ஆறுலயும் பளிச்சுன்னு. அவர் வாயாலயே சொன்னாரா?

— ராமையா கிராணிதான் தமிழ்ல சொன்னாரு.

— அக்கா, அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க. அண்ணே, நீங்க என்ன சொல்லியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. அடுப்பு விசயம் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தட்டுல ஒரு குறையும் தெரியல. பெரியவரே அதுதான் நல்லாருக்குன்னு பாராட்டியிருக்கார். அப்படியிருந்தும் அதைத் தள்ளியிருக்காங்க. ஏன் தள்ளினாங்க? அளந்து பார்த்தாங்க, கணக்குக்கு ஒத்து வரல, தள்ளிட்டாங்க. வேற எந்தக் காரணமும் இருக்க முடியாது. நான் கொண்டு வந்ததைவிட இது பெரிய சாட்சி. தம்புசாமி வாத்தியார் பி.ஏ. நாளைக்கு நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டார்.

— எழுதாதீங்க, ஐயா.

— ஏன்?

— அன்னைக்குப் படுத்தேன், தூக்கம் வரல. முதுகுல தட்டின எடம் சுட்டுக்கிட்டே இருந்துச்சு. வேலாயி, நம்ம சீட்டுல வரி வரியாக் கோடு போட்டிருக்கும்ல?

— மிசின்ல உருட்டுறப்ப விழுற கோடுதானே. அதுக்கென்னா?

— நெருப்புக்குக் கிட்ட தொங்குற சீட்டை நீ பாத்திருக்கே. சூடு பட்ட பக்கம் இழுத்துக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும், பூசணம் இருக்காது, நெறம் போகாது. ஆனா கோடு நேரா நிக்காது. லேசா வளைஞ்சிருக்கும். விரலை வச்சுத் தடவினாத்தான் தெரியும்.

— ஆமா. கங்காணி பாக்க மாட்டான். நீங்க மட்டும் பாப்பீங்க.

— பதினெட்டு நாளு ஒத்திகையில கிராணி எங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நட்சத்திரம் ஒரு முடி நகர்ந்திருக்கான்னு பாக்கத்தான் இவ்வளவு பாடும்னு. ரப்பர் இழுத்துக்குமாம், அந்தப் பசை இழுத்துக்காதாமா? நட்சத்திரம் நகர்ந்தா அது சூரியன் நகர்த்தினதா, என் அடுப்பு நகர்த்தினதா? யாரு பிரிச்சுச் சொல்லுவா?

— சரி, அண்ணே. சரி. நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அது உங்க மனசுல இருந்த சங்கதி. அவங்களுக்குத் தெரியாதே. தெரியாத காரணத்துக்காக அவங்க எப்படித் தள்ளுவாங்க? நான் கேட்டது அப்படியே நிக்குது. தகுதியில்லைன்னு யார் முடிவு பண்ணது?

— விடிஞ்சதும் ராமையா கிராணிகிட்டப் போனேன். வாயை மூடிக்கிட்டு இரு, நாலு பேர் பொழைப்பும் போயிடும், இதை நான் இங்கிலீசுல சொல்ல மாட்டேன்னுட்டாரு.

— அப்போ சொல்லல. அதான் நானும் சொல்றேன்.

— அளக்கிற கருவி இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரல, ஐயா. ஒரு தட்டையும் ஒருத்தரும் அளக்கல. நான் நேராக் கண்ணாடித் தொரை கூடாரத்துக்குள்ள போனேன். அவரு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அடுப்பைக் காட்டினேன். தட்டைக் காட்டினேன். விரிச்சுப் படுக்கத் தோட்டத்துல இருந்து கொண்டு போயிருந்த கழிசல் ரப்பர் சீட்டைக் குடுத்து, அந்த வளைஞ்ச கோட்டு மேல அவரு விரலை வச்சுத் தடவ விட்டேன்.

— என்னா சொன்னாரு?

— தானே இன்னொரு தடவை தடவிப் பாத்தாரு, வேலாயி. அப்புறம் அந்தத் தட்டை ஒரு உறையில போட்டு, மேலே நாலு வரி எழுதினாரு. எழுதிட்டு, எனக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சு, மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினாரு.

— அண்ணே...

— அந்த ஆறாவது தட்டுக்கு என் கைநாட்டு விழுந்து மூணு வருசமாச்சு, ஐயா. தகுதியில்லைன்னு முடிவு பண்ணது நான்தான்.